கிற்றார் கைவசம் இருக்கு, அடுத்து வயலினா மண்டலினா? இரண்டாவது தந்தி வாத்தியம் பழக நினைப்போர் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னிப் பக்கம் பொழுதுபோக்காக ஒரு வாத்தியம் வாசிக்கிறவர்கள் நிறையப் பேர். தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் பிடித்தவர்கள், பள்ளிக்கூடத்தில் வயலின் படித்தவர்கள், அண்ணன்மாரைப் பார்த்துத் தானாகவே பழகினவர்கள். இவர்களில் யாராவது இரண்டாவது வாத்தியத்தைத் தொட நினைக்கும்போது கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் கிற்றாரிலிருந்து வயலினுக்குப் போனவன். அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே கதைப்பேன்.

முதல் வாத்தியமே இன்னும் முழுசாக வரவில்லை. அதற்குள் இரண்டாவதைத் தொடலாமா?

முழுசாக வருவது என்று ஒன்று யாருக்கும் இல்லை, அதற்குக் காத்திருந்தால் காலம் போய்விடும். நான் பார்ப்பது மூன்று விசயம்தான். உங்கள் வாத்தியத்தை நீங்களே சுருதி சேர்ப்பீர்களா, ஒரு பாட்டைத் தாளம் விடாமல் கடைசிவரை கொண்டுபோவீர்களா, வானொலியில் கேட்ட ஒரு வரியைத் தட்டித்தடவியாவது கம்பியில் கண்டுபிடிப்பீர்களா. மூன்றும் ஆம் என்றால் தாராளமாகத் தொடங்கலாம். சுருதி சேர்க்க இன்னும் வேறொருவர் கை வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள், ஏனென்றால் அந்தக் குறை அடுத்த வாத்தியத்தில் இன்னும் பெரிதாகத் தெரியும்.

எதை எடுப்பது? மண்டலின், வயலின், உக்குலேலே, பேஸ், வீணை எல்லாம் சொல்கிறார்கள்.

எந்தச் சத்தம் கேட்டால் செய்துகொண்டிருக்கிற வேலையை விட்டுவிட்டு நிற்கிறீர்களோ அதை எடுங்கள். சுலபம் என்று சொல்லிப் பிடிக்காத ஒன்றை எடுத்தவர்கள் இரண்டு மாதத்தில் அதை அலுமாரிக்கு மேல் வைத்துவிடுகிறார்கள், கஷ்டம் என்று தெரிந்தும் ஆசைப்பட்டு எடுத்தவர்கள்தான் தொடர்கிறார்கள். அதற்குப் பிறகு தூரத்தைப் பாருங்கள், அதாவது உங்களிடம் இப்போது இருப்பதிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று.

கிற்றாருக்கு மிகக் கிட்ட இருப்பது பேஸ் கிற்றார். கிற்றாரின் தடித்த நான்கு கம்பிகளின் அதே சுரங்கள்தான், ஓர் ஸ்தாயி கீழே. உக்குலேலேயும் கிட்டத்தான். கிற்றாரின் மெல்லிய நான்கு கம்பிகளில் ஐந்தாம் பிரெட்டில் (பிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்குகிற கவ்வி, போட்டால் என்ன வருமோ அதுதான் அதன் சுருதி, நான்காவது கம்பி மட்டும் பெரும்பாலும் ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். ஆகவே கிற்றாரில் டி கோட் பிடிக்கிற அதே விரல்கள் உக்குலேலேயில் ஜி கோட் ஆகிவிடும். ஒரு சனி ஞாயிறிலேயே பாட்டுக்கு வாசித்துவிடலாம்.

மண்டலின் நடுவில் நிற்கிற வாத்தியம், ஆசிரியர் பக்கத்தில் இல்லாத கிற்றார்காரருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிரெட் இருக்கிறது, பிக் இருக்கிறது, அந்த இரண்டும் உங்களுக்குப் பழக்கம். ஆனால் சுருதி வயலினுடையது, தடித்த கம்பியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ. எட்டுக் கம்பிகள் சோடி சோடியாக நான்காக நிற்கும். கிற்றாரின் தடித்த நான்கு கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி என்று போகின்றன அல்லவா, அதைத் தலைகீழாகத் திருப்பினால் மண்டலின். உங்களுக்குத் தெரிந்த கோட் வடிவங்களை அந்த நான்கு கம்பிகளில் கவிழ்த்துப் பிடித்துப் பாருங்கள், வேலை செய்யும். இலங்கையில் பைலா கேட்டு வளர்ந்தவர்களுக்கு மண்டலின் சத்தம் புதிதில்லை. கர்நாடக இசைக்கும் அது தாங்கும் என்பதை உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்னொலி மண்டலினில் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பிறகு ஒருநாள் வயலினுக்குப் போக நினைத்தால் இடக்கை விரல்களுக்கு வழி ஏற்கனவே தெரிந்திருக்கும்.

வீணை அருமையான வாத்தியம். 24 மெட்டுகள் (வீணையில் பிரெட்டுக்கு அந்தப் பெயர்), வாசிக்கிற தந்தி நான்கு, தாளம் போடப் பக்கவாட்டில் மூன்று. ஆனால் ஏறத்தாழ நாலடி நீளம், மெட்டுகள் மெழுகில் பதித்தவை, அதைத் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வகுப்புக்குப் போய்வர முடியாது. வீட்டுக்குக் கிட்ட ஆசிரியர் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கிற்றாரில் பழகினது வயலினில் எவ்வளவு கைகொடுக்கும்?

காது முழுக்கக் கைகொடுக்கும், தாளமும் அப்படித்தான். கை கைகொடுக்காது, சில இடத்தில் குறுக்கே நிற்கும். இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டால் பாதி விரக்தி குறையும்.

கிற்றாரில் கம்பியின் நீளம் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர், முழு அளவு வயலினில் 33 மட்டில். ஏறத்தாழப் பாதி. அதனால் முதல் அரைச்சுரத்துக்குக் கிற்றாரில் 36 மில்லிமீற்றர் போகவேண்டிய விரல் வயலினில் 18 தான் போகவேண்டும். உங்கள் விரல் பழைய தூரத்துக்கே போகப் பார்க்கும், சுரம் ஏறிப்போய் நிற்கும். அத்தோடு கிற்றாரில் விரல் பிரெட்டுக்குக் கொஞ்சம் பின்னால் எங்கே அழுத்தினாலும் சுரம் சரியாகத்தான் வரும், வயலினில் விரல் நுனி வைத்த இடமே சுரம். அழுத்தமும் வேறு. கிற்றார்காரர் கம்பியைக் கட்டைக்குள் புதைக்கிற மாதிரி அமுக்குவார்கள், வயலினுக்கு அவ்வளவு தேவையில்லை, அப்படி அமுக்கினால் பெருவிரல் இறுகி மணிக்கட்டு நோகத் தொடங்கும்.

ஆனால் ஒரு சுரம் கொஞ்சம் இறங்கி நிற்கிறது என்று கேட்டவுடன் முகம் சுளிக்கிறதே, அது எத்தனையோ வருடக் கிற்றார் உங்களுக்குத் தந்த சொத்து. புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு அது இல்லை. பொழுதுபோக்காக வாசிக்கிறவர் இரண்டாவது வாத்தியத்தில் முன்னேறுவது அந்தக் காதை நம்பித்தான். அந்த நம்பிக்கை இருந்தால் விரல் பின்னால் வந்து சேரும்.

அண்ணை, வில்லை வைத்தாலே கதவு கிரீச்சிடுகிற மாதிரிக் கத்துது. வீட்டில் எல்லாரும் ஓடுகிறார்கள். ஏன்?

தம்பி, அது உங்கள் வயலினின் பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. கிற்றாரில் வலக்கையின் வேலை ஒரு கணத்தோடு முடிந்துவிடும், தட்டினால் சத்தம் தானாக ஓடி அடங்கும். வயலினில் சத்தம் இருக்கும்வரை வலக்கை வேலை செய்துகொண்டே இருக்கவேண்டும். ரொசின் என்கிற பிசின் பூசிய வில்லின் குதிரைமயிர் கம்பியைப் பிடித்து இழுக்கும், கம்பி ஓர் அளவுக்குமேல் தாங்காமல் நழுவித் திரும்பும், உடனே மயிர் திரும்பப் பிடிக்கும். ஏ கம்பியை 440க்குச் சேர்த்திருந்தால் இந்தப் பிடிப்பும் நழுவலும் ஒரு நொடிக்கு 440 தடவை ஒழுங்காக நடக்கவேண்டும். ஒழுங்கு குலைந்தால் கிரீச்.

குலைப்பது மூன்று: வில்லின் வேகம், அதில் இறங்குகிற கையின் பாரம், கம்பியில் அது தொடுகிற இடம். குதிரைக்கு, அதுதான் கம்பிகளைத் தாங்கி நிற்கிற மரத்துண்டுக்கு, மிகக் கிட்டப் போய் மெதுவாக, பாரமில்லாமல் இழுத்தால் விசில் மாதிரி வரும். விரல் பலகைப் பக்கம் போய் அமுக்கினால் கரகரக்கும். குதிரைக்கும் விரல் பலகையின் முனைக்கும் நடுவில் வில்லை வைத்து, தோளிலிருந்து இல்லாமல் முழங்கை திறக்கிற மாதிரி, வில் குதிரைக்குச் சமாந்தரமாக ஓடும்படி இழுங்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தால் வில் எங்கே சரிகிறது என்று உடனே தெரியும். இடக்கை வேண்டாம், வெறும் கம்பிதான், முழு வில்லுக்கு நான்கு எண்ணிக்கை. சலிப்பான வேலை என்று எல்லாரும் தாண்டிப்போகிற இடம் இது, நானோ தினமும் முதல் பத்து நிமிடத்தை இதற்கே கொடுக்கச் சொல்வேன்.

புது ரொசின் கட்டி கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும், அப்படியே தேய்த்தால் மயிரில் ஒன்றும் ஒட்டாது, சத்தமே வராது. அரத்தாளால் மேலே லேசாக உரசிவிட்டுத் தொடங்குங்கள். வாசித்து முடிந்ததும் வில்லின் திருகாணியைத் தளர்த்திவிடுங்கள், கம்பியில் படிந்த வெள்ளைத் தூளைப் பழைய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

பிரெட் இல்லை. விரல் வைக்கிற இடத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்டிக்கர் ஒட்டலாமா?

ஒட்டலாம், தொடக்கத்தில் ஒன்றிரண்டு. ஆனால் கண் அதில் ஒட்டிக்கொண்டால் காது தூங்கிவிடும். வயலினே உங்களுக்குச் சொல்லித்தரும் ஒரு வழி இருக்கிறது. ச-ப-ச-ப என்று கர்நாடக முறையில் சேர்த்த வயலினில், மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால், மூன்றாவது தந்தி கீழ்ப் பஞ்சமம், இரண்டாவது தந்தி சட்ஜம். மூன்றாவது தந்தியில் த, நி கடந்து சட்ஜத்தில் விரலை வைத்து வாசியுங்கள். இடம் சரியாக இருந்தால், நீங்கள் தொடாத இரண்டாவது தந்தி தானாக அதிரும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கம்பி மங்கலாகத் தெரியும், வாத்தியம் முழுக்கச் சத்தம் விரியும். விரலை ஒரு மயிரிழை நகர்த்துங்கள், அது நின்றுபோகும். திரும்பக் கொண்டுவாருங்கள், திரும்ப வரும். ஸ்டிக்கரை விட இது எவ்வளவோ துல்லியம்.

கூடவே போனில் தம்புரா செயலியை ஓடவிட்டு, அதன்மேல் வாசியுங்கள். ரியூனர் செயலியைச் சுருதி சேர்க்க மட்டும் பாவியுங்கள், ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் முள்ளைப் பார்த்துக்கொண்டு வாசிக்கவேண்டாம்.

மேற்கத்திய முறையில் பழகுவதா, கர்நாடக முறையிலா?

யாரிடம் படிக்கப்போகிறீர்கள், யாரோடு சேர்ந்து வாசிக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் பக்கத்தில் வயலின் ஆசிரியர்கள் பெரும்பாலும் கர்நாடக வழியில் வந்தவர்கள், பலர் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைப் பீடத்தில் படித்தவர்கள். அந்த வழியில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, வலது காலைக் கொஞ்சம் நீட்டி, வயலினின் தலையைக் கணுக்காலில் தாங்கி வாசிப்போம். வாத்தியத்தைப் பிடித்துவைக்கிற வேலை இடக்கைக்கு இல்லாததால் கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து வளைத்து வாசிக்க, அந்தக் கை மேலும் கீழும் தடையில்லாமல் ஓடும். மேற்கத்திய முறையில் நின்றோ கதிரையில் இருந்தோ, நாடிக்கும் தோளுக்கும் இடையில். பாடகர் குழுவோடு வாசிக்க அதுதான் வசதி.

சுருதியும் மாறும். ஐந்து கட்டைக்கு, அதாவது சட்ஜம் ஜி ஆக வரும்படி, சேர்த்தால் மேற்கத்திய முறைக்கும் கர்நாடக முறைக்கும் தூரம் மிகக் குறைவு: தடித்த இரண்டு தந்தியும் அப்படியே ஜி, டி. மற்ற இரண்டையும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினால் ஜி, டி, ஜி, டி, அதாவது ச, ப, ச, ப. இரண்டு உலகத்திலும் காலை வைக்க விரும்புகிறவர்களுக்கு இது நல்ல இடம். வயலின் எங்கள் இசைக்குள் வந்ததே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதை எடுத்து இந்த இசைக்குப் பழக்கினார்கள். ஆகவே எந்த முறை சுத்தம் என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை.

ஒன்று மட்டும்: கர்நாடக வகுப்பில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையோடு தொடங்குவார்கள். கிற்றார்காரர் காதுக்கு அது முதலில் விநோதமாக இருக்கும், சியிலிருந்து பார்த்தால் சி, டி பிளாட், ஈ, எஃப், ஜி, ஏ பிளாட், பி. நீங்கள் மேஜர் ஸ்கேல் என்று தினமும் ஓட்டுவது சங்கராபரணம், மைனர் என்பது நடபைரவி. வீட்டில் அவற்றையும் கூடவே ஓட்டிப்பாருங்கள், தெரிந்த ஒன்றில் விரல் பழகுவது ஆறுதல்.

சின்ன வயதில் வயலின் படித்தேன். இடம்பெயர்ந்தபோது வாத்தியமும் போய்விட்டது, படிப்பும் நின்றுவிட்டது. இப்போது கிற்றார் வாசிக்கிறேன். திரும்பத் தொடங்கினால் முதலில் இருந்தா?

இந்தக் கேள்வியை வன்னியில் எத்தனையோ பேர் கேட்பார்கள், வெவ்வேறு வயதில். முதலில் இருந்து இல்லை. வில் பிடித்த வலக்கை மறந்துபோனதாகத் தெரியும், ஆனால் ஓரிரு வாரம் வெறும் தந்தி இழுத்தால் பழைய நிதானம் திரும்பத் தொடங்கும். இடக்கை நேரம் எடுக்கும், இப்போது கை வளர்ந்துவிட்டது, சின்ன வயலினில் பழகின தூரங்கள் பொருந்தாது. அப்போது எந்த வர்ணத்தில் நின்றீர்களோ அதை எடுத்துக்கொண்டு இருக்காதீர்கள், அது வராதபோது மனம் உடையும். கீதங்களில் இருந்து தொடங்குங்கள். தெரிந்த கீதம் ஒன்று கையில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் கெதியாக வரும். அந்த நாளில் சொல்லித்தந்தவர் எங்காவது இருக்கிறார் என்றால் தேடிப்போய்ப் பாருங்கள், அல்லது ஒரு அழைப்பாவது எடுங்கள்.

ஒட்டுசுட்டானில் இருக்கிறேன், கிட்ட ஆசிரியர் இல்லை. யூரியூப் போதுமா?

மண்டலின், உக்குலேலே, பேஸ் என்றால் போதும். வயலினுக்கும் வீணைக்கும் தொடக்கத்திலாவது ஒருவர் உங்கள் கையைத் தொட்டுத் திருத்தவேண்டும். வாரம்தோறும் போகமுடியாது என்றால் மாதம் ஒன்றோ இரண்டோ தடவை கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகிற மாதிரி ஆசிரியரோடு கதைத்து ஒழுங்கு செய்யுங்கள், பலர் சம்மதிப்பார்கள். இடையில் நீங்கள் வாசிப்பதைப் போனில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நேரடி அழைப்பில் சேர்ந்து வாசிக்கப் பார்க்காதீர்கள், சத்தம் பிந்தி வருவதால் தாளம் சேராது. பதியும்போது போனை வில் பிடித்த கையின் பக்கமாக வையுங்கள், முகம் தெரியத் தேவையில்லை, வில்லும் குதிரையும் மணிக்கட்டும் தெரிந்தால் சரி.

இரண்டையும் எப்படி நேரம் ஒதுக்கி வாசிப்பது? விதைப்பு, வெட்டு என்று வந்தால் ஒன்றுக்கும் நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் வாசிப்பதைவிடத் தினம் இருபது நிமிடம் மேல். புதியதை முதலில், மனம் களைக்க முன்னர். பழையதைப் பிறகு, ஆறுதலுக்கு. இரண்டுக்கும் இடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், உடனே மாறினால் விரல் தூரம் குழம்பும். பழைய வாத்தியத்தை மூட்டைகட்டி வைக்கவேண்டாம், புதியதில் ஒன்றும் வராத நாளில் அதுதான் உங்களை வாசிக்கிறவராக வைத்திருக்கும்.

காலபோக விதைப்பு, அறுவடை நாட்களில் புதுப்பாடம் எடுக்காதீர்கள். வெறும் தந்தி ஐந்து நிமிடம், ஒரு வரிசை, போதும். நாற்பது வயதில் வயலின் வருமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான், வரும், தினமும் தொட்டால்.

கனடாவில் இருக்கிற சித்தப்பா திருவிழாவுக்கு வருகிறார். வாத்தியம் கொண்டுவரச் சொல்லலாமா? இங்கே பாவித்தது வாங்கினால் எதைப் பார்ப்பது?

சொல்லலாம், ஆனால் வயலினின் எல்லாக் கம்பியையும் கழற்றிவிடவேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். குதிரையும் உள்ளே நிற்கிற சிறு குச்சியும் பசை போட்டு ஒட்டியவை இல்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கின்றன. கழற்றினால் இரண்டும் விழும், அந்தக் குச்சியைத் திரும்ப நிறுத்த எங்கள் ஊரில் ஆள் கிடைப்பது கஷ்டம். கொஞ்சம் தளர்த்தி, குதிரைக்கு இரண்டு பக்கமும் துணி வைத்தால் போதும். புதுக் கம்பி மாற்றும்போதும் ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள். சித்தப்பாவிடம் வாத்தியத்தை விடக் கம்பிச் செட்டும் ரொசினும் கேட்பதே புத்திசாலித்தனம், பாரமுமில்லை.

பாவித்த மண்டலின் என்றால் 12ஆம் பிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு வருகிற மணிச்சத்தமும், அதே இடத்தில் அழுத்தி வருகிற சுரமும் ஒன்றா என்று கேளுங்கள். கொஞ்சம் வித்தியாசம் என்றால் குதிரையை நகர்த்திச் சரிசெய்யலாம். கழுத்து வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். வயலின் என்றால் பலகையில் வெடிப்பு, பிரடைகள் (கம்பியை முறுக்குகிற ஆணிகள்) வழுக்காமல் நிற்கின்றனவா, எஃப் வடிவத் துளைக்குள் பார்த்தால் குச்சி நிமிர்ந்து நிற்கிறதா, இவ்வளவும்.

எங்கள் வெயிலும் மாரியும் வாத்தியத்தை என்ன செய்யும்?

நிறையச் செய்யும். தகரக் கூரை வீட்டில் மதியம் ஏறுகிற சூட்டுக்கு வயலினின் பசை இளகும், வீணையின் மெழுகு இளகி மெட்டு நகரும், கிற்றாரின் குதிரை கிளம்பும். வெயிலில் நிறுத்திய வானுக்குள் வைத்துவிட்டுப் போகவே கூடாது. கூரைக்குக் கிட்ட, பரணில் வைக்கவேண்டாம். நிலத்தில் நேரே வைத்தால் கறையான், பெட்டியின் அடியில் இருந்து ஏறும், வெளியில் ஒன்றும் தெரியாது. மேசையில் அல்லது நடுத்தட்டில், வெளிச்சுவரில் முட்டாமல் வையுங்கள்.

மாரியில் மரம் ஊதி வயலின் பிரடைகள் இறுகும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காய்ந்து வழுக்கும். இறுகினால் காய்ந்த சவர்க்காரத்தைத் தொட்டுப் பூசுங்கள், வழுக்கினால் சோக்குத் தூள். எண்ணெய் வேண்டாம். பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு வையுங்கள்.

பரீட்சை எடுக்கவேணுமா?

கட்டாயமில்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் தரங்கள் இருக்கின்றன, பாடத்திட்டம் ஒரு ஒழுங்கைத் தரும், அதற்காக எடுக்கலாம். பிள்ளைகளோடு ஒரே மண்டபத்தில் இருக்க வெட்கப்படவேண்டாம்.

தனியாக வாசித்து அலுத்துவிட்டது. சேர்ந்து வாசிக்க ஆள் இல்லை.

கோயில் பஜனையில் ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் போய் இருங்கள். முதல் நாள் சுருதித் தந்தியை மட்டும் இழுத்துக்கொண்டிருங்கள், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அடுத்தடுத்த வெள்ளியில் பல்லவியை மட்டும் சேர்ந்து வாசிக்கலாம். தேவாலயத்தில் என்றால் கிற்றாரைத் தம்பி ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பாடகர்கள் பாடுகிற மெட்டையே மண்டலினில் மெதுவாகத் தொடருங்கள். ஆளே இல்லையென்றால் கிற்றாரில் கோட்டுகளைப் போனில் பதிந்து, அதன்மேல் புதிய வாத்தியத்தை வாசியுங்கள். வேகத்தைக் குறைத்துப் பதியுங்கள், நீங்கள் நினைப்பதைவிட இன்னும் குறைத்து.